முதல் இடத்தில் நான் போட்ட படிப்பு

தம்பி,

நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். அம்மாவுக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. என்னோடுதான் இரண்டு நாளாகச் சரியாகப் பேசுவதில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும். தினமும் போனில் பேசுகிற மகனுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் எதையும் முழுசாகச் சொல்ல மாட்டேன். கஷ்டமான பேச்சு வந்தால் "சரி, சாப்ட்டியா" என்று திருப்பிவிடுவேன், அது உனக்கே தெரியும். கையால் எழுதுகிற பழக்கமும் விட்டுப்போய்விட்டது. ஆலையில் ஷிஃப்ட் முடியும்போது நோட்டில் எழுதுகிற இரண்டு வரிதான் இத்தனை வருஷமாக என் எழுத்து. கோணல்மாணலாக இருந்தாலும் கடைசி வரை படி. வருகிற வெள்ளிக்கிழமைக்கு முன்னால் படி.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பெங்களூரிலிருந்து பேசியபோது, ஜெர்மனியில் அந்த பீர் காய்ச்சும் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது என்று சொன்னாய். நான் சந்தோஷப்படுவதற்குள், "வேணாம்னு எழுதிடலாம்னு இருக்கேன்ப்பா" என்றாய். மெக்கானிக்கல் படித்தவர்களையும் எடுத்துக்கொள்கிறார்கள், ஆனால் முதல் ஆறு மாதம் கெமிஸ்ட்ரியும் நுண்ணுயிரியலும் படித்துத் தேறினால்தான் மேலே போக முடியும் என்றாய். பிறகு நீ சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன். "அன்னைக்கே எனக்கு கெமிக்கல் கிடைக்கல. மார்க் பத்தல. இப்ப அதே கெமிஸ்ட்ரிய அந்த ஊருல போயி நான் எங்கப்பா தேறப் போறேன்?" நான் வழக்கம்போல சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன். வெள்ளிக்கிழமைக்குள் நீ பதில் எழுத வேண்டும். அதற்கு முன்னால் உனக்கு ஒன்று தெரிய வேண்டும். அன்றைக்கு உனக்கு மார்க் பத்தாமல் போகவில்லை. கலந்தாய்வுக்கு நீ போட்ட விருப்பப் பட்டியலை நான் மாற்றினேன்.

எழுதிவிட்டேன். இனி எப்படி நடந்தது என்று சொல்கிறேன். காரணமும் சொல்கிறேன். காரணம் சொல்வதால் தப்பு சின்னதாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை.

என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கே புரிகிறது. சர்க்கரை ஆலையில் பேன் மேன். கரும்புச் சாறு பெரிய கொப்பரையில் கொதித்துக் குருணை கட்டுகிற நேரத்தைப் பார்த்துச் சொல்கிற ஆள். கண்ணாடித் துண்டில் கொஞ்சம் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், போதுமா போதாதா என்று எனக்குத் தெரியும். சர்க்கரையைப் பிரித்த பிறகு மிச்சம் நிற்கிற கறுப்புப் பாகுதான் மொலாசஸ். அது டேங்கர் லாரியில் ஏறி, சீல் வைத்து, எரிசாராய ஆலைக்குப் போகும். முப்பது வருஷமாக அந்த லாரிகள் என் கண் முன்னால்தான் போயின. அந்தப் பாகு என்ன ஆகப் போகிறது என்பது தெரியாத குழந்தையா நான்? கேட்டால் நான் சர்க்கரை செய்கிறவன் என்று சொல்லிக்கொள்வேன். சர்க்கரைக்கும் பாகுக்கும் சேர்த்துத்தான் எனக்குச் சம்பளம் வந்தது, அதில்தான் நீ படித்தாய். இதை நான் அப்போது யோசித்துப் பார்க்கவே இல்லை.

ஒன்பதாவது லீவில் உன்னை ஆலைக்குக் கூட்டிப் போனேன். மற்றப் பிள்ளைகள் என்றால் பெரிய சக்கரத்தையும் நீராவியையும் வேடிக்கை பார்ப்பார்கள். நீ மொலாசஸ் தொட்டி பக்கத்தில் போய் நின்றுகொண்டாய். சித்திரை வெயில், ஓரத்தில் சிந்தி மழைத் தண்ணீரோடு கலந்து கிடந்த பாகு நுரைத்துக்கொண்டிருந்தது. "இது ஏம்ப்பா நுரைக்குது? அடுப்பே இல்லியே?" என்று கேட்டாய். வெயில் என்று சொன்னேன். வெயில்தான் காரணம் என்றால் பக்கத்தில் இருக்கிற தண்ணீர் ஏன் நுரைக்கவில்லை என்று கேட்டாய். எனக்கு வேலை இருக்கிறது, தள்ளி நில் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு வீட்டில் அம்மாவின் இட்லி மாவு படாதபாடு பட்டது. ஒரு சட்டியில் உப்புப் போட்டு, ஒன்றில் போடாமல், ஒன்றை அரிசி மூட்டை மேலே, ஒன்றைத் தண்ணீர்ப் பானை பக்கத்தில் வைத்து, மணிக்கு ஒரு தடவை குச்சியால் உயரம் அளந்தாய். ஒருநாள் மாவு பொங்கி அடுக்குப் பலகை முழுக்க வழிந்தது. அம்மா திட்டிக்கொண்டே துடைத்தாள், நீ அவள் துடைப்பதற்குள் ஓடிப்போய் நேரத்தைக் குறித்துக்கொண்டாய். எனக்குச் சிரிப்பு வந்தது. பையன் கெட்டிக்காரன், விஞ்ஞானி ஆவான் என்று பாப்பிரெட்டிப்பட்டி டீக்கடையில் பெருமை அடித்துக்கொண்டேன்.

அதே பையன் பன்னிரண்டாவது முடித்து, சாப்பிடும்போது, "கெமிக்கல் எடுக்கறேன்ப்பா, அப்புறம் ஃபெர்மெண்டேஷன்ல, புளிக்க வெக்கறதுல, மேல படிக்கறேன்" என்றபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது என்ன வேலை என்று கேட்டேன். பீர் காய்ச்சுகிற ஆலையில் இருக்கிறது, எரிசாராய ஆலையில் இருக்கிறது, மருந்து கம்பெனியிலும் இருக்கிறது என்று நீ வரிசையாகச் சொன்னாய். மருந்து என் காதில் விழவே இல்லை. "சாராயம் காச்சறதுக்கா உன்னப் படிக்க வெக்கிறேன்?" என்று தட்டைத் தள்ளினேன். நீ கோபப்படவில்லை. "சாராயம் காச்சறவன் படிக்காமத்தாம்ப்பா காச்சறான். உள்ள என்ன இருக்குன்னே தெரியாம ஊத்திக் குடுக்கறான், ஊரே சாவுது" என்றாய். பதில் இல்லாதவன் கத்துவான், நானும் கத்தினேன்.

இன்னொரு விஷயமும் என் மனதில் இருந்தது. நீ பத்தாவது படித்த வருஷம், பெண் பிள்ளைகள் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நிற்கிற இடத்துக்கு எதிரிலேயே மதுக்கடை இருந்ததே, அதை எடுக்கச் சொல்லி அம்மாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் ரோட்டில் உட்கார்ந்தார்கள். மூன்று நாள் வெயிலில் உட்கார்ந்தாள். நான் ஷிஃப்ட் முடிந்து தண்ணீர் கேனைக் கொண்டுபோய் வைப்பேன். எதிர்வீட்டு மனுஷன் குடித்துக் குடித்தே போனதையும், அந்தப் பெண் இரண்டு குழந்தையோடு தாய்வீட்டுக்குப் பஸ் ஏறியதையும் பார்த்தவள் உங்கம்மா. கடையை ஊருக்கு வெளியே கொண்டுபோனார்கள். அன்றைக்கு அவள் வீட்டுக்கு நடந்துவந்த நடை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அப்படிப்பட்டவளிடம் "உன் மகன் பீர் காய்ச்சப் படிக்கிறானாமே" என்று நாலு பேர் கேட்டால் அவள் என்ன சொல்வாள் என்று நினைத்தேன். அவளையே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவளுக்காக நானே முடிவு செய்தேன், அவளுக்கும் தெரியாமல்.

பொம்மிடியில் ரயில்வே ஸ்டேஷன் போகிற வழியில் இருக்கும் பிரவுசிங் சென்டரில் நீதான் உட்கார்ந்து கலந்தாய்வுக்குப் பட்டியல் போட்டாய். முதல் ஐந்தாறு இடமும் கெமிக்கல், அதற்குக் கீழே பயோடெக்னாலஜி, ஃபுட் டெக்னாலஜி, கடைசியில் என் வாய்க்கு அடைப்பாக ஒரே ஒரு மெக்கானிக்கல். மறுநாள் உனக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருந்தாய். "ஓ.டி.பி. உன் போனுக்குத்தான்ப்பா வரும். போயி லிஸ்ட்ட லாக் மட்டும் பண்ணிட்டு வந்துடு" என்றாய். உன் கை கொதித்துக்கொண்டிருந்தது. நான் பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். போகும்போது எந்தத் திட்டமும் இல்லை, இதை நீ நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. நாற்காலியில் உட்கார்ந்து உன் பட்டியலைப் பார்த்ததும் வாயில் வந்துவிட்டது. மெக்கானிக்கலை முதல் இடத்துக்குக் கொண்டுவாருங்கள் என்றேன். சென்டர்காரர் என்னைத் திரும்பிப் பார்த்து, "பையனுக்குத் தெரியுங்களா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். நம்பர் வந்தது, சொன்னேன், லாக் ஆகிவிட்டது, இனி மாற்ற முடியாது. திரும்பி வரும் வழியில் உனக்கு இளநீர் வாங்கிக்கொண்டு வந்தேன். நீ குடித்துவிட்டு, "தேங்க்ஸ்ப்பா" என்றாய்.

ஒதுக்கீடு வந்தபோது அந்தத் தாளை நான்தான் பிரிண்ட் எடுத்து உன் கையில் கொடுத்தேன். அதில் எத்தனையாவது விருப்பம் என்று ஒரு எண் போட்டிருந்தது. ஒன்று என்று போட்டிருந்தது. நீ காலேஜ் பேரையும் படிப்பின் பேரையும் மட்டும் பார்த்தாய். "கட் ஆஃப் பத்தல போலருக்குப்பா" என்று மடித்து வைத்துவிட்டாய். பெற்ற அப்பாவைச் சந்தேகப்பட்டு எண்ணைத் தேடிப் பார்க்க உனக்கு என்ன அவசியம்? அந்தத் தாளின் நகலை இதோடு வைத்திருக்கிறேன், இப்போது பார். அதற்கு அடுத்த வாரம் சாதிச் சான்றிதழ் நகல் எடுக்க அதே சென்டருக்குப் போனபோது, அவரே சொன்னார், "உங்க பையன் மார்க்குக்கு கெமிக்கலே வந்திருக்குமுங்க. அவனுக்குக் கீழ இருந்தவங்களுக்கெல்லாம் வந்திருக்குது" என்று. ஆமாம், அவனுக்கு மெக்கானிக்கல்தான் பிடித்தது என்று சொல்லிவிட்டு வந்தேன். கூசாமல் சொன்னேன்.

இதில் எது பெரிய தப்பு என்று இந்த ஒரு வாரமாக யோசிக்கிறேன். பட்டியலை மாற்றியது ஒருநாள் வேலை, பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு எட்டு வருஷம் நான் வாயைத் திறக்கவில்லையே, அதுதான் என்னைத் தூங்க விடாமல் அடிக்கிறது. காலேஜில் கெமிஸ்ட்ரி பேப்பர் ஒன்று வந்தபோது, "எனக்கு இது வராதுப்பா, தெரிஞ்ச கதைதானே" என்றாய். நல்ல மார்க் வாங்கினாய். வாங்கிவிட்டு, பேப்பர் ஈசி என்றாய். ஓசூரில் வேலை பார்த்தபோது மருந்து கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், கெமிஸ்ட்ரி தெரிந்திருக்க வேண்டும் என்றதும் விண்ணப்பமே போடவில்லை. ஒவ்வொரு தடவையும் நீ உன்னைக் கொஞ்சம் குறைத்து மதிப்பிட்டுக்கொண்டாய், ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தையாக இருக்கும்போது எதையும் அளந்து பார்க்காமல் நம்பாதவன், உன் விஷயத்தில் மட்டும் அளக்காமலே நம்பிவிட்டாய். நம்ப வைத்தவன் நான்.

ஆனால் உன் மூளை இருக்கிறதே, அது நான் போட்ட வேலியைச் சுற்றிக்கொண்டு போய் அதே இடத்தில்தான் நின்றது. ஓசூர் வேலையை விட்டு பெங்களூரில் அந்த பீர் காய்ச்சும் இடத்தில் பாய்லரும் கூலிங் மெஷினும் பார்த்துக்கொள்ள நீ சேர்ந்தபோது, எனக்கு உள்ளுக்குள் பயமும் வந்தது, நிம்மதியும் வந்தது. காய்ச்சுகிறவருக்கு உதவியாக நின்று நின்று நீயே ஒரு தொட்டியைத் தனியாகக் காய்ச்சினாய் என்று சொன்னாய். உன் முதலாளியே பரிந்துரை எழுதி இந்தப் படிப்புக்கு அனுப்பச் சொன்னார் என்றால், அவர் உன்னிடம் எதையோ பார்த்திருக்கிறார். அவருக்கு உன் பழைய பட்டியல் தெரியாது. உன் வேலை தெரியும்.

உன் போன் வந்ததற்கு மறுநாள் லீவு போட்டுவிட்டு முனிரத்தினத்தைப் பார்க்கப் போனேன். உனக்கு ஞாபகம் இருக்காது, என்கூடக் கொப்பரைப் பக்கம் வேலை பார்த்துவிட்டு, வேறு மாவட்டத்தில் ஒரு எரிசாராய ஆலைக்குப் போய்விட்டவன். ஒரு காலத்தில் என்னையும் கூப்பிட்டான், அந்த வேலையா என்று நான் முகத்தைச் சுளித்தேன். அவன் அதை மறந்திருக்க மாட்டான், ஆனாலும் பிரியாணி வாங்கிக் கொடுத்து, எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினான். இந்தத் தொழிலுக்கு எதைப் படித்தவன் தேவை என்று அவனிடம் கேட்டேன். எட்டு வருஷம் தாமதமாகக் கேட்டேன். அவன் ஒரு சம்பவம் சொன்னான். பாகை நுரைக்க வைக்கிற ஈஸ்ட் என்கிற நுண்ணுயிர் தொட்டியில் வேலை செய்யும்போது அதுவே சூட்டைக் கிளப்பும், கூலிங் நின்றால் அந்தச் சூட்டிலேயே அது செத்துப்போகும். ஒருநாள் சூடு ஏறிவிட்டது. "லேபுல இருந்தவரு மைக்ரோபயாலஜி படிச்சவருங்கண்ணா. ஈஸ்ட்டு சாவுதுன்னு அவருக்குத் தெரியுது, எங்க அடைச்சிருக்குன்னு தெரியல. ஃபிட்டருக்கு கூலிங் பிளேட்டு அடைச்சிருக்கறது தெரியுது, அவசரம்னு தெரியல. சாப்ட்டு வந்து பாக்கறேன்னு போயிட்டாரு. ரெண்டு பேரும் பேசிக்கறதுக்குள்ள தொட்டியே போச்சு." பிறகு அவன் சொன்னான், "கெமிக்கல் படிச்சவன் நேரா வந்துருவான், அது சுலபம். ஆனா மெசினும் தெரிஞ்சு, உள்ள இருக்கற உசுரும் தெரிஞ்ச ஆளு கெடைக்கறது கஷ்டம்ணா. தம்பிய அந்த ஆறு மாசத்த மட்டும் பல்லக் கடிச்சிகிட்டு படிக்கச் சொல்லுங்க." இதைச் சொல்லி, பார்த்தாயா நான் போட்ட மெக்கானிக்கல் வீண்போகவில்லை என்று தப்பித்துக்கொள்ள நான் வரவில்லை. நான் போட்டது நல்ல எண்ணத்தில் அல்ல. அந்த நாலு வருஷத்தை நீ வீணாக்காமல் படித்தாய், அதனால் அது உதவுகிறது. அந்தப் பெருமை உன்னுடையது மட்டும்தான்.

குடியைப் பற்றி என் மனது மாறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். எதிர்வீட்டுக் கதையை நானும்தான் பார்த்தேன். நீ செய்கிற பொருளை ஒருவன் அளவாகக் குடிப்பான், ஒருவன் வீட்டையே விற்றுக் குடிப்பான். இதற்கு என்னிடம் விடை இல்லை, எல்லாம் சரியாகிவிடும் என்று உன்னிடமும் யாரும் சொல்ல முடியாது. நீ அந்தத் தொழிலில் இருக்கும்வரை இந்தக் கேள்வி உன்னோடு வரட்டும், அதைக் கழற்றி வைத்துவிடாதே. வேலைக்காக ருசி பார்ப்பதும் குடிப்பதும் வேறு என்று நீயே ஒருமுறை அம்மாவிடம் சொன்னாய், அந்த வித்தியாசத்தைக் காப்பாற்று. மற்றபடி, முப்பது வருஷம் பாகை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, மகன் போகும்போது மட்டும் கையைக் குறுக்கே நீட்டிய நான் உனக்கு நல்லது கெட்டது சொல்லத் தகுந்த ஆள் இல்லை.

முந்தாநாள் காலையில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முறத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை. முடிந்ததும் முறத்தைக் கீழே வைத்தாள். "நான் கடையத்தாங்க எடுக்கச் சொன்னேன். எம்புள்ள படிப்ப எடுக்கச் சொன்னனா?" என்றாள். அவளுக்கு அவமானமாக இருக்குமே என்றுதான் செய்தேன் என்று நான் இழுத்தேன். "எனக்கு அவமானமா இருக்கும்னு என்னயக் கேட்டீங்களா? அவன் காச்சல்ல கெடந்தான், நீங்க போயி இதப் பண்ணிட்டு இளநி வாங்கியாந்தீங்க" என்றாள். அதற்குமேல் அவள் திட்டவில்லை. சோறு போட்டாள், ரசம் ஊற்றினாள், பேச்சு மட்டும் இல்லை. நேற்று சாயங்காலம் அவளாகவே வந்து, "போன்ல சொல்லாதீங்க, மழுப்பிருவீங்க. எழுதுங்க. எழுதிட்டு எங்கிட்ட காட்டுங்க" என்றாள். கேட்டு வாங்கிப் படித்துவிட்டுத்தான் கவரை ஒட்டப் போகிறாள். அவளுக்கும் உன் தொழிலில் வருத்தம் உண்டு, அதை அவள் தன் வாயால் உன்னிடம் பேசிக்கொள்வாள். அவளுக்காக நான் பேசிப் பேசித்தான் இவ்வளவும் ஆனது.

என் மேல் கோபப்படு. நியாயமான கோபம், எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு. அடுத்த மாதம் நான் ஓய்வு பெறுகிறேன், அந்த விழாவுக்கு வரப் பிடிக்கவில்லை என்றால் வராதே, அக்கம்பக்கத்தில் கேட்டால் காரணத்தை நானே சொல்கிறேன். மன்னித்துவிடு என்று எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் அதைக் கேட்டு இப்போது உன் மேல் இன்னொரு பாரத்தை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. உனக்கு வேறு முடிவு இருக்கிறது.

வெள்ளிக்கிழமை நீ போகிறேன் என்று எழுதினால் சந்தோஷம். வேண்டாம் என்று எழுதினாலும் நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். அந்தக் குளிர் ஆகாது என்று எழுது. பெங்களூரே போதும் என்று எழுது. வயதான அப்பா அம்மாவை விட்டு வர மனமில்லை என்றுகூட எழுது, அது பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை. எனக்குக் கெமிஸ்ட்ரி வராது என்று மட்டும் எழுதாதே, தம்பி. அது உன்னைப் பற்றி நான் சொன்ன பொய்.

அப்பா